மேனுவல் டெஸ்டிங் முழுவதையும் ஸ்கிரிப்டுக்கு மாற்றச் சொல்கிறார்கள், சரியா?

கேள்வி, 02-11-2025

சென்னையில் ஒரு சேவை நிறுவனத்தில் மேனுவல் டெஸ்டிங், அதாவது மென்பொருளைக் கையால் சோதிக்கும் வேலை, பார்க்கிறேன். அடுத்த ஏப்ரலுக்குள் ரெக்ரஷன் (புது மாற்றத்தால் பழையது உடையவில்லையே என்று திரும்பச் சோதிப்பது) முழுவதையும், தானாகச் சோதிக்கும் ஸ்கிரிப்ட் எழுதி ஆட்டோமேட் செய்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. பாதிப் பேருக்கு "வேறு புராஜெக்ட்" என்கிறார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். மேலாளர் சொல்லும் காரணம்: மனிதன் தப்பு செய்வான், மெஷின் செய்யாது. இது உண்மைதானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

02-11-2025, இரவு

உங்கள் மேலாளர் சொன்னதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். ஒரே வேலையை ஆயிரம் தடவை செய்யச் சொன்னால் மனிதன் எங்காவது அசருவான், மெஷின் அசராது. ஆனால் அதற்குச் சொல்லிக்கொடுத்ததே தப்பாக இருந்தால் அந்தத் தப்பையும் அசராமல்தான் செய்யும்.

நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். 2012 ஆகஸ்ட் 1. ஆர்டர் அனுப்பும் மென்பொருளின் புதுப் பதிப்பை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டும். 7-ல் ஏற்றினார்கள், ஒன்று விட்டுப்போயிற்று. அந்த எட்டாவதில் 2003-க்குப் பிறகு யாரும் பயன்படுத்தாத "பவர் பெக்" என்ற பழைய கோடு (நிரல்) அழிக்கப்படாமல் கிடந்தது. அதை இயக்கப் பயன்பட்ட அதே ஃபிளாகை, அதாவது ஆன்-ஆஃப் குறியை, புது வசதிக்கும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சந்தை திறந்ததும் எட்டாவது சர்வர் பழைய கோடை ஓட்டத் தொடங்கியது. வாங்க வேண்டிய அளவு வாங்கியாயிற்று, போதும் என்று சொல்லும் பகுதி அதற்குள் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டிருந்ததால் அது நிற்கவே இல்லை. 45 நிமிடத்தில் 154 நிறுவனப் பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகம். நஷ்டம் 46 கோடி டாலர்.

இதில் எனக்கு இன்னும் மனசு ஆறாத இடம் ஒன்று உண்டு. சந்தை திறப்பதற்கு முன்பே, காலை 8 மணி வாக்கில் இருந்து, அந்த சிஸ்டமே 97 மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. பவர் பெக் பெயரோடு பிழைச் செய்தி. யாரும் பார்க்கவில்லை. அவை அலர்ட் என்று வகைப்படுத்தப்படவே இல்லை.

03-11-2025, காலை

ராத்திரி எழுதியதைப் படித்துவிட்டு "அப்போ ஆட்டோமேஷன் வேண்டாம் என்கிறீர்களா" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. என் பிழைப்பே அதுதான், விரும்பித்தான் செய்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ரிலீஸ் (புதுப் பதிப்பை வெளியிடுவது) என்றால் சனிக்கிழமை இரவு. ஒரு வேர்ட் கோப்பில் நாற்பது சொச்சம் படிகள் இருக்கும். ஒருவர் வாசிக்க, ஒருவர் கமாண்டை ஒட்ட, இன்னொருவர் டிக் அடிக்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு இருபத்தெட்டாவது படியில் யாருக்காவது கண் சொருகும். இப்போது அதே வேலையை, படிகளைத் தானாக வரிசையாக ஓட்டும் பைப்லைன் பகலில், டீ குடித்து வருவதற்குள், முடித்துவிடுகிறது. குழந்தை உள்ளவர்கள் சனிக்கிழமை வீட்டில் இருக்கிறார்கள். இதை யாராவது பழையபடி ஆக்குவேன் என்றால் நான் முதல் ஆளாக எதிர்ப்பேன்.

மென்பொருளுக்கு வெளியிலும் பாருங்கள். 1980-களின் நடுவில் டெல்லியில் ரயில் முன்பதிவைக் கணினிக்கு மாற்ற ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பு ஊருக்குப் போய்த் திரும்பி வரும் டிக்கெட்டுக்கு அந்த ஸ்டேஷனுக்குத் தந்தி கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த வரிசையில் நின்றவர்கள் யாரும் அது திரும்ப வர வேண்டும் என்று சொல்லிக் கேட்டதில்லை.

04-11-2025

ஒரு நண்பர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: "நைட் கேப்பிட்டலில் எட்டாவது சர்வரை விட்டது மனிதன்தானே? டிப்ளாய்மென்ட்டை (சர்வர்களில் கோடு ஏற்றுவதை) ஆட்டோமேட் செய்திருந்தால் விட்டிருக்காதே. உங்கள் உதாரணம் உங்கள் மேலேயே திரும்புகிறதே?"

ஆமாம், திரும்பத்தான் செய்கிறது. அதனால்தான் இந்த உதாரணத்தையே எடுத்தேன். அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2013 அக்டோபரில் 1.2 கோடி டாலர் அபராதம் போட்டபோது சொன்ன குறைகளில், இன்னொருவர் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை, எழுதிவைத்த நடைமுறை இல்லை என்பவையும் உண்டு. கோடு ஏற்றுகிற வேலை மெஷினிடம் போயிருக்க வேண்டும். ஆர்டர் அனுப்புகிற வேலை ஏற்கெனவே மெஷினிடம்தான் இருந்தது. ஆனால் அதற்கு நிற்கத் தெரியவில்லை.

இன்னொரு விவரமும் உண்டு. பதற்றத்தில் அவர்கள் செய்த முதல் வைத்தியம், சரியாக இருந்த 7 சர்வர்களில் இருந்து புதுக் கோடை எடுத்துவிட்டது. அதனால் எட்டும் பழைய கோடை ஓட்டத் தொடங்கின. தானாக ஓடும் ஒன்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் ரோல்பேக்கும் (பழைய பதிப்புக்குத் திரும்புவதும்) ஆபத்துதான்.

ஆக ஆட்டோமேட் செய்யலாமா கூடாதா என்று மட்டும் கேட்டால் விவாதம் ஒரு இடத்துக்கும் போகாது. நான் என் அணியில் கேட்பது வேறு: இது தப்பாகப் போனால் தானாக நிற்குமா? நின்றால் யாருக்குத் தெரியும்? தெரிந்தவருக்குக் கையால் செய்யத் தெரியுமா?

05-11-2025

நிற்பது பற்றி இன்னும் கொஞ்சம்.

என் மாமாவுக்கு சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஷெட் இருந்தது. சின்ன வயதில் விடுமுறைக்குப் போனால் அந்தச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. ஆனால் மாமா வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருப்பார், திடீரென்று எழுந்து நேராக ஒரு தறிக்குப் போவார். அது நின்றிருக்கும். ஊடு நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். நாடாவில் (ஊடு நூலைக் குறுக்கே கொண்டுபோகும் கட்டையில்) இருந்து வரும் நூல் இருக்கிறதா என்று ஒரு சின்ன முள்கரண்டி போன்ற உறுப்பு ஒவ்வொரு தடவையும் தொட்டுப் பார்க்கும், நூல் இல்லையென்றால் ஓட்டத்தை அறுத்துவிடும். இது இல்லாத தறியில் ஒரு ஆள் கண் கொட்டாமல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நூலே இல்லாமல் முழம் முழமாக வீண்துணி ஓடும்.

ஜப்பானில் சகிச்சி டொயோடா வாழ்நாள் முழுக்கத் தறியோடு போராடியவர். 1924-ல் அவர் கொண்டுவந்த ஜி வகைத் தானியங்கித் தறி, நூல் தீர்ந்தால் ஓட்டத்தை நிறுத்தாமலே நாடாவை மாற்றிக்கொள்ளும், நூல் அறுந்தால் நின்றுவிடும். அதன் காப்புரிமையை 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் வாங்கியது. பிற்பாடு டொயோட்டா கார் ஆலைகளில், கோளாறைப் பார்த்த தொழிலாளி யாராக இருந்தாலும் கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தலாம் என்று வந்ததற்கும் வேர் இந்தத் தறிதான்.

ஒரே ஆள் பல தறிகளைப் பார்க்க முடிந்தது அவை நிற்கத் தெரிந்தவையாக இருந்ததால். மென்பொருளில் நாம் ஓடுகிற பாதியை மட்டும் ஆர்வமாகக் கட்டுகிறோம்.

05-11-2025, இரவு

இதைப் படித்துவிட்டு ஒருவர் தன் கம்பெனி கதையைப் போட்டிருக்கிறார். நான் பார்த்ததும் கிட்டத்தட்ட அதேதான், ஆகவே சேர்த்தே சொல்கிறேன். ராத்திரி ஒரு வாடிக்கையாளர் சர்வரில் இருந்து கோப்பை எடுத்து டேட்டாபேஸில் ஏற்றும் ஜாப், அதாவது தானாக ஓடும் வேலை. அவர்கள் பக்கம் ஏதோ சிக்கல், கோப்பு வந்தது, உள்ளே ஒன்றும் இல்லை, பூஜ்யம் பைட். ஜாப் கோப்பைத் திறந்தது, ஒரு வரியும் இல்லை, மூடியது. லாகில் (நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவில்) "ஏற்றிய வரிகள் 0, நிலை: வெற்றி" என்று பச்சையில் விழுந்தது. அதன் பார்வையில் அது வெற்றிதான், பிழை ஒன்றும் வரவில்லையே. சில நாள் கழித்துக் கணக்குப் பிரிவில் ஒரு பெண் "இந்த வாரம் யாருமே பணம் கட்டவில்லையா" என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

இதற்கு மருந்து மிகச் சின்னது. வழக்கமாக வரும் வரிகளில் பாதிக்கும் கீழே போனால் ஜாப் தோல்வி என்று நிற்க வேண்டும். நாலு வரிக் கோடு.

06-11-2025

பேக்கப் (காப்பு நகல்) பற்றிக் கேட்டிருந்தீர்கள். மென்பொருள் கோடைச் சேமித்துவைக்கும் சேவையான கிட்லேபில் 2017 ஜனவரி 31 இரவு நடந்ததை அவர்களே ஒளிவுமறைவில்லாமல் வெளியிட்டார்கள், எல்லோரும் படிக்க வேண்டியது. களைத்திருந்த பொறியாளர் ஒருவர் நகல் சர்வரில் அழிக்க வேண்டிய கோப்புறையை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப்பில் இருந்து எடுக்கலாம் என்று போனால் தினமும் ஓட வேண்டிய பேக்கப் இருக்கும் இடம் காலி. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் கருவி 9.2 பதிப்பு, ஆகவே ஒவ்வொரு தடவையும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதும் மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. அந்த மின்னஞ்சல்களைக் கையொப்பம் சரியில்லை என்று மெயில் சர்வர் திருப்பி அனுப்பிவிட்டது.

கடைசியில் காப்பாற்றியது, அதே பொறியாளர் ஆறு மணி நேரத்துக்கு முன்னால் வேறு வேலைக்காகக் கையால் எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டாவின் நகல்).

அந்த ஆளை அவர்கள் வேலையை விட்டு அனுப்பவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள். எனக்கு அந்த நிறுவனத்தின் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

08-11-2025

வேலை போவது பற்றி இதுவரை நான் பேசவில்லை என்று கேள்வி கேட்டவரே நினைவுபடுத்தியிருக்கிறார். நியாயம்.

அமெரிக்க ஏடிஎம் உதாரணத்தை இங்கே ஒருவர் போட்டிருக்கிறார்: ஏடிஎம் வந்த பிறகு கிளைக்கு இத்தனை காசாளர் என்பது குறைந்தது, ஆனால் கிளை நடத்தும் செலவு குறைந்ததால் கிளைகள் கூடின, மொத்தக் காசாளர் எண்ணிக்கை குறையவில்லை என்று. சில பத்தாண்டுகளுக்கு அது உண்மைதான். நம் ஊர் வங்கிக் கதை கொஞ்சம் வேறு.

1983-ல் வங்கி ஊழியர் சங்கங்களோடு ஒப்பந்தம் போட்ட பிறகுதான் இங்கே கணினிகள் உள்ளே வர முடிந்தது. சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-ல் அறிக்கை கொடுத்தது. சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன, அதனால்தான் மாற்றம் மெதுவாக வந்தது, இருந்தவர்கள் தெருவில் நிற்கவில்லை. இன்றைக்கு அவர்களை முன்னேற்றத்தின் எதிரிகள் என்று சுலபமாகச் சொல்கிறோம், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அப்புறம் 2000-01-ல் விருப்ப ஓய்வுத் திட்டம். பொதுத்துறை வங்கிகளில் இருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அதையொட்டிப் பல வருஷம் கிளார்க் வேலைக்கு ஆள் எடுப்பதே அரிதாகிவிட்டது.

வேலையில் இருந்தவருக்குப் பேச சங்கம் இருந்தது. பி.காம் முடித்துவிட்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பையனுக்கும் பெண்ணுக்கும் யார் பேசுவது? வராத அறிவிப்பை எதிர்த்து யாரும் ஊர்வலம் போக முடியாது.

இப்போது ஐடியிலும் அதே பக்கம்தான் எனக்குக் கவலை. இந்த ஜூலையில் டிசிஎஸ் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரை விடுவிப்பதாக அறிவித்தது. காரணம் ஏஐ அல்ல, திறன் பொருந்தாமை என்றார்கள். தலைப்புச் செய்தி ஆனது அந்த எண்தான். கல்லூரிகளுக்குக் கேம்பஸ் எடுக்க வராத கம்பெனிகள் செய்தி ஆவதில்லை.

09-11-2025

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஐயா ஒருவர் விரிவாக எழுதியிருக்கிறார், நன்றி ஐயா. பத்துப் பைசா டேலி ஆகாமல் இரவு ஒன்பது மணி வரை பேரேட்டைப் புரட்டிய கதையைப் படித்தபோது நீங்கள் ஏன் கணினியை வரவேற்றீர்கள் என்று புரிந்தது.

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்தக் காலத்தில் சேமிப்புக் கணக்குக்கு வட்டி எப்படிப் போட்டார்கள்? மாதத்தில் 10-ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையில் கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்கு மட்டும். 25-ஆம் தேதி ஒரே ஒரு நாள் பணம் எடுத்தாலும் அந்த மாத வட்டி அவ்வளவுதான். கையால் கணக்குப் போட அதுதான் வசதி. 2010 ஏப்ரல் 1 முதல் அன்றன்றைய இருப்புக்கு வட்டி கணக்கிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. கோடிக்கணக்கான கணக்குக்கு நாள்தோறும் வட்டி பார்ப்பது லெட்ஜர் காலத்தில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆட்டோமேஷனால் வந்த லாபம் வங்கியிடமே நின்றுவிடாமல் நம் பாஸ்புக் வரைக்கும் வந்த ஒரு தருணம் இது. யாரோ அதை உத்தரவாகப் போட்டதால் வந்தது.

10-11-2025

இதை எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். இழை கனமாகிவிடும். ஆனால் ஆபத்து என்றால் டாலர் நஷ்டம் மட்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

பிரிட்டனில் சின்னத் தபால் நிலையங்களைத் தனிநபர்கள் நடத்துவார்கள். நம் ஊர் மளிகைக் கடையும் தபால் கவுன்டரும் சேர்ந்த மாதிரி. 1999 முதல் அவர்கள் கணக்கெல்லாம் ஃபுஜிட்ஸு கொடுத்த ஹொரைசன் என்ற மென்பொருளுக்குப் போயிற்று. திரையில் பணம் குறைகிறது என்று காட்டும். கல்லாவில் எண்ணினால் காரணம் தெரியாது. ஒப்பந்தப்படி குறைந்ததை அவர்களே கட்ட வேண்டும். உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால், வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை என்ற பதில் பலருக்கும் கிடைத்திருக்கிறது. சேமிப்பை, வீட்டைப் போட்டுக் கட்டினார்கள். திருட்டு, பொய்க் கணக்கு என்று வழக்கு. 900-க்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றார்கள், சிறைக்குப் போனவர்களும் உண்டு. 2019-ல்தான் உயர் நீதிமன்றம் அந்த மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்புச் சொன்னது. 2024-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்ய வேண்டியிருந்தது.

கணினிச் சான்றைக் கோர்ட்டில் வைத்தால் அந்தக் கணினி சரியாக வேலை செய்தது என்று நிரூபிக்க வேண்டும் என்ற விதி அந்த நாட்டில் இருந்தது. 1999-ல் நிறைவேறிய ஒரு சட்டம் அதை எடுத்துவிட்டது. அதன் பிறகு, மெஷின் சரியில்லை என்று காட்டும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் விழுந்தது. கிராமத்துத் தபால் கடைக்காரர் ஃபுஜிட்ஸுவின் லாகை எங்கே போய்ப் பார்ப்பார்?

மெஷின் தப்பு செய்யாது என்று ஒரு கூட்டத்தில் யாராவது சொன்னால் எனக்கு இந்த மனிதர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

10-11-2025, சற்று முன்

இந்தியாவில் இப்படி உண்டா என்று கேட்டவருக்கு: அந்த அளவில் ஒப்பிட மாட்டேன், ஆனால் ரேஷன் கடையில் விரல் ரேகை பார்க்கும் பிஓஎஸ் மெஷின் முன் போய் நின்று பாருங்கள். வயல்வேலை, பாத்திர வேலை செய்து ரேகை தேய்ந்த விரல் பதியாது. துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வார்கள், அடுத்த விரல், அப்புறம் அடுத்த கை. பின்னால் வரிசை முணுமுணுக்கும். எங்கள் அப்பத்தாவை முப்பது வருஷமாகத் தெரிந்த கடைக்காரர் எதிரில் நிற்கிறார், ஆனால் "ஆம், இவர்தான்" என்று சொல்லும் அதிகாரம் அவரிடம் இல்லை. முதியவர்கள் தங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்ப அங்கீகாரப் படிவம் தமிழ்நாட்டில் இருக்கிறது. தேவைப்படுகிற வீட்டுக்கு அதைச் சொல்லுங்கள்.

போலிக் கார்டைப் பிடிக்க மெஷின் உதவுகிறது, மறுக்கவில்லை. மறுக்கப்பட்டவர் அன்றைக்கே அரிசியோடு வீட்டுக்குப் போக ஒரு வழி, மெஷின் வைக்கிற நாளிலேயே இருக்க வேண்டும்.

13-11-2025

டெஸ்டிங்குக்கே வருகிறேன். கேள்வி கேட்டவர் "எங்கள் கண்ணுக்குத் தெரிவதில் ஸ்கிரிப்டுக்குத் தெரியாதது என்ன, மேலாளருக்குக் காட்ட ஒரு உதாரணம் கொடுங்கள்" என்கிறார்.

என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவர் பில் பக்கத்தைச் சோதிக்கும்போது வாடிக்கையாளர் பெயராக எப்போதும் ஊர்ப்பெயர், தாத்தா பெயர், இனிஷியல் எல்லாம் சேர்த்து நீளமாகத்தான் அடிப்பார். ஏன் என்றால் "நம்ம ஊர்ல பேரு இப்படித்தான் இருக்கும்" என்பார். ஒரு ரிலீஸில் அந்தப் பெயர் இரண்டாம் வரிக்கு மடங்கி, கீழே இருந்த தள்ளுபடி வரியை மொத்தத் தொகைக்கு அடியில் தள்ளிவிட்டது. திரையில் தள்ளுபடி தெரியவில்லை. ஸ்கிரிப்ட் என்ன பார்த்தது? தள்ளுபடி என்ற உறுப்பு பக்கத்தில் இருக்கிறதா, இருக்கிறது. மதிப்பு சரியா, சரி. பாஸ். போதாததற்கு அதன் டெஸ்ட் டேட்டாவில் பெயர் நான்கு எழுத்து.

அந்த அக்காவுக்குத் தெரிந்ததில் பாதி, அவர் ஒவ்வொரு ரிலீஸிலும் அலுப்போடு அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்ததால் வந்தது. அலுப்பான வேலையை மெஷினுக்குக் கொடுக்கத்தான் வேண்டும். கொடுத்த பிறகு அடுத்த அக்கா எங்கே இருந்து வருவார் என்று யாராவது திட்டமிட வேண்டும். இது புதுக் கவலை இல்லை. லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-லேயே ஒரு கட்டுரையில் இதை எழுதிவிட்டார்: சுலபமானதை மெஷின் எடுத்துக்கொள்ளும், மிகக் கடினமானது மட்டும் மனிதனிடம் வரும், அதுவும் பழக்கம் விட்டுப்போன மனிதனிடம். 2009 ஜூன் 1 அன்று ரியோவில் இருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் வேகம் அளக்கும் குழாய்களில் பனி அடைத்துத் தானியங்கி விலகிக்கொண்டது. அடைப்பு ஒரு நிமிடத்துக்குள் சரியாகிவிட்டது. ஆனால் அந்த உயரத்தில் கையால் ஓட்டும் பயிற்சி அந்த விமானிகளுக்கு இல்லை. நாலரை நிமிடத்துக்குள் கடலில் விழுந்தது, 228 பேர். விமானங்கள் இவ்வளவு பாதுகாப்பாக ஆனதில் தானியங்கிக்குப் பெரிய பங்கு உண்டு என்பதையும் இதோடு சேர்த்தேதான் சொல்ல வேண்டும். விசாரணை அறிக்கை கேட்டதும் தானியங்கியை எடுக்கச் சொல்லி அல்ல, கையால் ஓட்டப் பயிற்சி கொடுக்கச் சொல்லித்தான்.

ஆகவே மேலாளரிடம் ஆட்டோமேஷன் வேண்டாம் என்று போகாதீர்கள், தோற்றுவிடுவீர்கள், தோற்கவும் வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதும் வேலையை உங்களிடம் கேளுங்கள். எது உடையும் என்று தெரிந்தவர் எழுதும் டெஸ்டுக்கும் தெரியாதவர் எழுதும் டெஸ்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒவ்வொரு ரிலீஸிலும் ஒரு அரை நாள், ஸ்கிரிப்ட் இல்லாமல் இஷ்டப்படி நோண்டிப் பார்க்க நேரம் கேட்டு வாங்குங்கள். அதில் புதிதாகச் சேர்ந்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

14-11-2025

"ஏஐ வந்தாச்சு, டெஸ்டையும் அதுவே எழுதும், இந்தப் பேச்செல்லாம் பழசு" என்றவருக்கு.

நானும் தினமும் பயன்படுத்துகிறேன். அலுப்பான கன்ஃபிக் (அமைப்பு விவரக்) கோப்புகளுக்கு அருமை. ஆனால் வேகம் கூடியது என்ற நம் உணர்வை நம்பாதீர்கள். மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு இந்த ஜூலையில் வெளியிட்டது: அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்கள், தங்களுக்கு நன்றாகப் பழகிய கோடில் 246 வேலைகள். ஏஐ பயன்படுத்தியபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆயிற்று. முடித்த பிறகும் அவர்கள் தாங்கள் 20 சதவீதம் வேகமாகச் செய்ததாக நம்பினார்கள். 16 பேர்தான், கருவிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன, ஆகவே 19 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். கடிகாரம் ஒன்று சொல்ல, மனசு ஒன்று சொன்னதே, அதைக் கவனியுங்கள்.

15-11-2025

போன மாத அமேசான் கிளவுட் கோளாறை இங்கே யாரும் தொடவில்லையே. அக்டோபர் 20. டைனமோடிபி என்ற அமேசான் டேட்டாபேஸ் சேவையின் முகவரிப் பதிவுகளைப் பராமரிக்க ஒரே மாதிரி மூன்று தானியங்கிகள், ஒன்று விழுந்தாலும் இன்னொன்று பார்க்கட்டும் என்று. ஒன்று மந்தமாகிப் பழைய திட்டத்தைப் புதியதன் மேல் எழுதியது. இன்னொன்று, இது பழசு என்று துடைத்தது. முகவரிப் பதிவு காலி. அந்த நிலையைத் தானியங்கியால் சரிசெய்ய முடியவில்லை, மனிதர்கள் கையால் செய்தார்கள். பாதுகாப்புக்காக வைத்த கூடுதல் தானியங்கியே சிக்கலில் ஒரு கை.

2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தால் வந்த கோளாறும் நினைவிருக்கும். ஒரு கோப்பு ஒரே சமயத்தில் உலகம் முழுக்கப் போய் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தன. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்ப எடுத்தார்கள், ஆனால் படுத்ததை ஆள் போய்த்தான் எழுப்ப வேண்டியிருந்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். விமானம் கிளம்பியதே, எழுதத் தெரிந்தவர்கள் கவுன்டரில் இருந்ததால்தானே. முதலில் நூறு கணினி, ஒரு மணி நேரம் பொறுத்து ஆயிரம் என்று படிப்படியாக விட்டிருந்தால் இது ஒரு சின்னச் செய்தி.

17-11-2025

அலர்ட் பற்றிக் கேட்டவருக்குக் கடைசியாக. "எங்கள் சேனலில் நாளைக்கு நூற்றுக்கணக்கில் வருகிறது, யாரும் பார்ப்பதில்லை, என்ன செய்வது?"

அந்த பில் பக்கச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் அணியில் திரையைப் படம் எடுத்து முந்தையதோடு ஒப்பிடும் டெஸ்ட் போட்டார்கள். பக்கத்தில் தேதி இருக்கிறது, தினமும் மாறும், ஆகவே தினமும் தோல்வி. ஒரு மாதத்தில் எல்லோரும் சிவப்பைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். நிஜமான சிவப்பு வந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நைட் கேப்பிட்டலின் 97 மின்னஞ்சல்கள் யார் பெட்டியில் விழுந்திருக்கும் என்று அப்போது எனக்கு நன்றாகப் புரிந்தது.

இப்போது நாங்கள் செய்வது: வெள்ளிக்கிழமை மதியம் அணியே உட்கார்ந்து அந்த வாரம் வந்த அலர்ட் ஒவ்வொன்றையும் பார்க்கிறோம். இது வந்தபோது யாராவது எதையாவது செய்தீர்களா? செய்யவில்லையென்றால் அதை அழித்துவிடுகிறோம், அல்லது செய்ய வேண்டிய அளவுக்குத் திருத்துகிறோம். தேதியை மறைத்துவிட்டு ஒப்பிடும்படி அந்தப் பட டெஸ்டை மாற்றியதும் இப்படித்தான். ஒவ்வொரு அலர்ட்டுக்கும் ஒரு ஆள் பெயர் உண்டு. அவர் வேறு அணிக்குப் போனால் அந்த வாரமே பெயர் மாற வேண்டும். ஆரம்பத்தில் கூட்டம் மாலை வரை இழுக்கும், பின்னால் டீ நேரத்துக்குள் முடிந்துவிடும். பூஜ்யம் வரி ஜாபுக்கு மட்டும் நான் யாரையும் அலர்ட்டைக் குறைக்க விடவில்லை. அது வந்தால் மூன்று பேருக்குப் போன் அடிக்கும்.